ஈரத்துணியை எதில் வைப்பது

முதல் மாதம் முழுவதும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, கையை எங்கெல்லாம் வைக்கக் கூடாது என்பதைத்தான். உறை போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது. கதவைத் தொடக் கூடாது. பிப்பெட்டில் தண்ணீரை ஏற்றி, பத்து முறையும் ஒரே அளவாக இறக்கிக் காட்டினால்தான் அடுத்த மேசை. நான் மூன்றாம் நாளே அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற வீட்டுப் பிள்ளைக்கு விரல் சொன்னபடி கேட்கும் என்று யோகப்பிரியா கேலி செய்தாள். வேலந்தாவளத்துக்காரி, ஆய்வகத்தில் என் ஜோடி.

குமுளியில் இருந்த அந்தச் சிறிய கல்லூரிக்குத் தடய அறிவியல் படிக்க நான் ஏன் வந்தேன் என்பது அங்கே அவளுக்கு மட்டும் தெரியும். என் அண்ணன் சதீஷ் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டினான், மலையில் சூரியோதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், சாலைக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்கிடையில் அவனைக் கண்டெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் உயிர் இருந்தது. கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள்.

அடி பின்னந்தலையில் மட்டும்தான். ஆனால் நர்ஸ் என் கையில் கொடுத்த நனைந்த சட்டையில், வலது கைமடிப்பில் ரத்தம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவனோடு சண்டை போட்ட இன்னொரு டிரைவரின் உதடு அன்று காலை கிழிந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த ரத்தம் அவனுடையதாக இருக்கும் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னபோது, அந்தச் சட்டை தேவையில்லை என்றார்கள். அதை நான் வீட்டில் வைத்தேன். என்றைக்காவது அதைப் பேச வைக்கப் படித்துக்கொண்டு வருவேன் என்று அம்மாவிடமும் சொன்னேன்.

ஜூன் மாதம் ரத்தக்கறைப் பாடம் வந்தது. வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் மேகம் வந்து, உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பதுபோல நின்றது. ரத்தம் பட்ட ஈரத்துணி கிடைத்தால் எதில் வைப்பீர்கள் என்று மத்தியாஸ் சார் கேட்டார். நான்தான் முதலில் எழுந்தேன். பிளாஸ்டிக் கவரில், காற்றுப் புகாமல், இரண்டு முடிச்சு போட்டு என்றேன்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைக்க வேண்டும் என்று பலகையில் எழுதினார்.

நான் உட்கார்ந்ததும் யோகப்பிரியா காதோரம் வந்தாள். "ஏம்புள்ள, எங்க ஊட்டுல வெங்காயத்தையே பிளாஸ்டிக்குல போடமாட்டாங்க, அழுகிப் போயிரும்னு. நீ ரத்தத்தப் போடறயே?"

அவள் ஊரில் வெயில் காய்கிறது. மழை ஓயாத எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், தீப்பெட்டி, உப்பு எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். கெடக் கூடாத பொருள் என்றால் அதைக் கட்டித்தான் வைப்போம். அதற்கு வேறு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நம்பாதவர்களுக்காக சார் ஒரு சோதனை வைத்தார். கறிக்கடையிலிருந்து கொண்டுவந்த ஆட்டு ரத்தத்தை இரண்டு துணிகளில் நனைத்தோம். ஒன்று உலர்ந்து காகிதத்துக்குள் போனது. மற்றது ஈரத்தோடு கவருக்குள் போனது. அதை முடிச்சிட்டது நான்தான். அடுத்த வாரம் திறந்தோம். காகிதத்தில் இருந்தது சருகுபோல விறைத்து, கறை பழுப்பாக, போட்ட இடத்திலேயே இருந்தது. கவரில் இருந்ததன் மேல் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது. கறை எது, பூஞ்சை எது என்று தெரியவில்லை. வாடை தாங்காமல் பின்வரிசைக்காரர்கள் ஓடினார்கள்.

யோகப்பிரியா ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்தவள், மெதுவாகக் கேட்டாள்: "உங்கண்ணன் சட்டைய நீ எதுல வெச்சிருக்கற?"

நான் மேசையில் கிடந்த கவரைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலி செய்ததற்காக அன்று முழுவதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு முடிந்ததும், வேறு யாருடைய துணியையோ பற்றிக் கேட்பதுபோல சாரிடம் கேட்டேன். ஈரத்தோடு இரண்டு வருடம் என்றால் ரத்தம் என்று வேண்டுமானால் தெரியும், யாருடையது என்று சொல்கிற டி.என்.ஏ. மிஞ்சியிருக்காது என்றார். பிறகு, அந்தத் துணி எங்கே இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை பூப்பாறை வழியாக வீட்டுக்குப் போனேன். அம்மா வேலை முடிந்து, நனைந்த தலையோடு வந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து, உள்ளிருந்த கவரின் முடிச்சை அவிழ்த்தேன். கைமடிப்பைத் தேடினேன். சட்டையின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி கறுத்திருந்தன.

"என்ன சொல்லுது?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே அடுப்படிக் கொடியில் காயப் போட்டு, ஒரு பழைய பேப்பரில் சுற்றியிருந்தால் போதும் என்பதையும் சொன்னேன். "நாந்தாம்மா கெடுத்துட்டேன்."

அம்மா முந்தானையைப் பிழிந்தாள். வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்த டிரைவரின் ஜீப் அவளைக் கடந்துதான் போகிறது.

"நனஞ்ச சட்ட. மழ வேற. அதக் கட்டாமலா போட்டிருப்ப?" என்றாள். அப்புறம், "இனி இதுல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லியா, இந்து?"

"இல்லம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் சட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு வருடத்தில் அவள் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை. தொட்டால் கெட்டுவிடும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

"அப்ப தொவைக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். மழைத் தூறலில் பொதுக்குழாய்க்குப் போய், கல்லில் சட்டையை விரித்து, சோப்பை எடுத்து முதலில் காலரைத் தேய்த்தாள், அவன் வண்டிக்குப் போய்வந்த நாட்களில் தேய்த்ததுபோலவே. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை வலது கைமடிப்புக்கு வந்தபோது உள்ளே வந்துவிட்டேன்.