ஹால்வர்சன் எழுதிய கடிதம்

எங்கள் வீட்டில் யாரையும் லேசில் நம்பமாட்டோம். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வண்டி மோதியது என்று பணம் கேட்டு வருகிறவர்களில் யார் நிஜமாக மோதினார்கள், யார் தாங்களே கொண்டுபோய் இடித்தார்கள் என்று கண்டுபிடிப்பார். அவருக்குப் பிறந்தவள் நான். என் பிறந்தநாளுக்கு யாராவது கேக் வாங்கி வந்தால், இவருக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் யோசிப்பேன்.

டாக்டராக வேண்டும் என்பது மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். மருத்துவக் கல்லூரிகளுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். இளங்கலையில் என் மதிப்பெண் சுமார்தான். இரண்டாம் வருஷம் கரிம வேதியியலில் வாங்கிய அடி இன்னும் சான்றிதழில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எம்.எஸ். என்ற முதுகலை அறிவியல் படித்தால் அதெல்லாம் மறைந்துபோகும் என்று யாரோ சொன்னார்கள். நம்பி, ஒஹாயோவில் ஏரிக்கரை ஓரம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, முதுகலை மதிப்பெண்ணைத் தனிக் கட்டத்தில் போடுவார்களாம். பழைய மதிப்பெண்ணோடு கலக்கவே கலக்காதாம்.

"துருப்பிடிச்ச காருக்குப் புது பெயின்ட் அடிச்ச மாதிரிதான்டி," என்றாள் ஒடெட். என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள். ஆறு வருஷம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்துவிட்டு அதே எம்.எஸ்.ஸுக்கு வந்திருந்தாள். "கீழ துரு இருக்குன்னு காலேஜ்காரனுக்கும் தெரியும். ஆனா இவ வண்டிய வச்சுப் பராமரிக்கிறவன்னு நினைப்பான்ல? அதுக்குத்தான் இது. உன்னை ரெண்டு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தவரு ஒருத்தர் சிபாரிசுக் கடுதாசி எழுதினா, அதுதான்டி வெயிட்டு."

என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் டாக்டர் ஹால்வர்சன். அவருடைய ஆய்வகத்தில் எலிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதுதான் என் வேலை. நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். மதியத்துக்குத் தினமும் ஒரே சார்டின் மீன் டப்பா. வாரம் ஒரு தடவையாவது சொல்வார்: "பிரென்னா, பேசாம இங்கேயே பி.எச்டி. பண்ணிடு. இந்தக் கைய எலி கிட்டேருந்து புடுங்கி மனுஷங்ககிட்ட கொடுக்க எனக்கு மனசே இல்ல."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

காரணம் லாய்ட். அதே ஆய்வகத்தில் எம்.எஸ். முடித்து, ஹால்வர்சனின் கடிதத்தோடு மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, எங்கேயும் கிடைக்காமல், அங்கேயே பி.எச்டி.யில் ஏழாவது வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். "டாக்டர் எனக்கு ரொம்ப நல்ல லெட்டர் கொடுத்தாராம்," என்பான். கொடுத்ததை அவன் பார்த்தானா? இல்லை. யாரும் பார்க்கமாட்டார்கள்.

அது எங்கள் வழக்கம். கடிதம் கேட்கும்போதே, 'இதைப் படிக்கும் உரிமை எனக்கு வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால், இவள் எழுதினவரை மிரட்டி எழுதி வாங்கினாளோ என்று கல்லூரிக்காரர்கள் நினைப்பார்கள். அதனால் எல்லோரும் போடுவோம். கடிதங்கள் கணினியில் ஒரே பெட்டிக்கு வந்து சேரும். உள்ளே பாராட்டா, குழிபறிப்பா, தெரியாது. எந்தக் கடிதம் எந்தக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

ஜூன் மாதம் ஹால்வர்சனிடம் கடிதம் கேட்டேன். ஒரு வரி மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் எடுக்கிற மனிதர், இரண்டே நாளில் கடிதத்தைப் போட்டுவிட்டார். எனக்குப் பொறி தட்டியது. அதே வாரம் பிரின்டரில் நான் அச்சிட்ட தாளை எடுக்கப் போனால், மேலே அவருடைய ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் கிடக்கிறது. அடுத்த மூன்று வருஷத்துக்கான ஆட்கள் பட்டியலில் என் பெயர்!

காகிதத்தோடு ஓடிப்போய் ஒடெட்டிடம் காட்டினேன்.

"நிதி கேக்கறப்ப ஆள் பேரு காட்டணும், காட்டியிருக்காரு," என்றாள் அவள், நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே.

"மூணு வருஷம் நான் இங்கதான் இருப்பேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆசைப்படறாரு."

"ஆசைப்படறவரு என்னை எப்படி வெளிய அனுப்புவாரு? 'அருமையான ஆராய்ச்சியாளர், நோயாளிகளோட பழகறது கஷ்டம்'னு ஒரு வரி போதும், சோலி முடிஞ்சுது. லாய்டுக்கு அதைத்தான் பண்ணியிருக்காரு."

"லாய்டுக்கு நேர்காணல்ல வாய் திறக்கவே வராதுடி. மூஞ்சிய நேரா பாத்தா குனிஞ்சுக்குவான். அதுக்கும் ஹால்வர்சனா காரணம்?" ஒடெட் தட்டைக் கீழே வைத்தாள். "அவருகிட்டயே போய்க் கேளேன். 'எனக்காக மனசார எழுதினீங்களா'ன்னு. அதிகபட்சம் என்ன, திட்டுவாரு."

"கேட்டா உஷாராயிடுவாரு."

"யம்மா தாயே, அவரு புரொபசரு. காரை இடிச்சுட்டு உங்கப்பாகிட்ட வர்ற ஏமாத்துக்காரன் இல்ல."

நான் கேட்கவில்லை. பதினாறு கல்லூரிகளின் பட்டியலையும் திறந்து வைத்துக்கொண்டு, ஹால்வர்சனின் கடிதத்தை ஒன்றுக்குக்கூடத் தேர்ந்தெடுக்காமல் விட்டேன். பதிலாக, நோய்க்குறியியல் வகுப்பெடுத்த ஒரு அம்மாவிடம் வாங்கிய கடிதத்தைப் போட்டேன். எண்பது பேர் வகுப்பு. அவருக்கு என் மதிப்பெண் தெரியும், முகம் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் அவருக்கு என்னால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

நவம்பரில் ஒரே ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. என்னைக் கேள்வி கேட்டவர் டாக்டர் வாஸ்கெஸ் என்ற அம்மாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார்.

"எம்.எஸ். மார்க் ரொம்ப நல்லா இருக்கு. எனக்குப் புடிச்சிருக்கு," என்றார். பட்டம் வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் குதித்தேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முந்தின பக்கத்துக்கு வந்தார். "ரெண்டு வருஷம் ஒரே ஆய்வகம். இல்லையா?"

"ஆமாம், டாக்டர்."

"அதை நடத்தறவரோட கடிதம் எங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். எல்லோருடைய மனசிலும் என்ன ஓடும் என்று யோசிக்கிறவளுக்கு, இது தோன்றவில்லை.

"அவரு... கொஞ்சம் பிஸி."

"ரெண்டு வருஷத்துல ஒரு பக்கம் எழுத நேரம் கிடைக்கலையா?"

"வேற புரொபசரோட கடிதம் இருக்கே, டாக்டர்."

"இருக்கு. நீங்க எண்பத்தேழு பர்சென்ட் வாங்கினீங்கன்னு போட்டிருக்காங்க." கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "ஆய்வகத்துல ஏதாவது தகராறா? தரவுல ஏதாவது பிரச்சனையா? இருந்தா நீங்களே சொல்லிடறது நல்லது."

"அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல!"

"சரி," என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதை எத்தனையோ பேர்மேல் வீசியிருக்கிறேன். அன்றைக்கு அது என்மேல் விழுந்தது.

பிப்ரவரியில் அவர்களும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மற்ற பதினைந்தும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

மார்ச்சில் ஒருநாள் மத்தியானம் ஹால்வர்சன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பி.எச்டி. வலையை இப்போது வீசப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன்.

"ஒடெட் சொன்னா, எல்லாரும் கை விரிச்சுட்டாங்கன்னு. நிஜமா?"

"நிஜம்தான் டாக்டர்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதை நான் காட்டக்கூடாது. பரவாயில்ல, படி."

முதலில் தேதியைத்தான் பார்த்தேன், நேற்று ராத்திரி எழுதினதாக இருக்குமோ என்று. ஜூன் ஒன்பது. பிறகுதான் படித்தேன்.

'இந்தப் பெண் என்னை நம்புவதில்லை. நான் கொடுக்கும் ஒவ்வொரு எண்ணையும் திரும்ப அளக்கிறாள். இரண்டு முறை தவறு என்னுடையது. அவள் பிடித்திராவிட்டால் அச்சில் ஏறியிருக்கும். இவளை இங்கேயே வைத்துக்கொள்ள என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். அவள் மனம் உங்களிடம்தான் இருக்கிறது. என் மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அவன் படுக்கையருகே நிற்கவேண்டும் என்று நான் விரும்புவது இவளைப் போன்ற டாக்டரைத்தான்.'

எழுத்துகள் கலங்கின. தாளைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"நானும் ராத்திரி முழுக்க யோசிச்சேன்," என்றார் ஹால்வர்சன். முகமெல்லாம் வாட்டம். "முதல் வரியே தப்போன்னு தோணுது. 'நம்புவதில்லை'ன்னு ஆரம்பிச்சது அவங்களை மிரட்டிடுச்சு போல. பதினாறு பேரும் இதைப் படிச்சுட்டு உன்னை வேண்டாம்னு சொல்லியிருக்காங்கன்னா, என் எழுத்துதான் உன்னைக் கெடுத்திருக்கு. என்னை மன்னிச்சிடும்மா." நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். பேனாவைத் திறந்தார். "உக்காரு. எந்த வரி உறுத்துதுன்னு சொல்லு. அடுத்த ஜூனுக்கு வேற மாதிரி எழுதறேன்."

நான் உட்காரவில்லை.

"அதை யாருமே படிக்கல, டாக்டர்."

"என்னது?"

"நான் அனுப்பவே இல்ல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் கையிலிருந்த தாளின் முதல் வரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேனாவை மூடி, கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.