மேபிலி மிதக்கிறாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு அதட்டலாகத்தான் வந்தது. இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் வயலுக்கு அப்பால் பாசி மூடிக் கிடக்கும் பழைய அகழியின் கரையில் நின்றிருந்தேன். யாரோ ஒருத்தி கத்தினாள்:

"தொடாதேடா, ஹேமோ!"

கத்தியவள் எழுநூறு வருஷத்துக்கு முந்திய விதவை சபெலின். மன்னர்கள் கோட்டை கட்டிய காலத்தில், சின்னச் சீமானான அவள் புருஷன் தன் வீட்டைச் சுற்றி ஒரு அகழியாவது வெட்டிக்கொண்டான். ஹேமோ அவள் பண்ணையாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனியில் அகழி வெள்ளிக் காப்புபோல..."

காப்பாவது! உள்ளே ஒருத்தி குப்புறக் கிடக்கிறாள். மாடு கறக்கிற மேபிலி.

"அம்மா, விரல் அசையுது."

"தண்ணிதான் அசையுது."

"நேத்து ராத்திரிகூட என்னைப் பார்த்து, உன் மூஞ்சிக்குப் பால் திரிஞ்சிரும்னு சிரிச்சா."

"சிரிச்சவ போயிட்டா. முதல்ல தொட்டவனத்தான் சாவு விசாரணைக்காரன் பிடிப்பான். ஜாமீனுக்கு யாரு வருவா, உங்க வீட்டுப் பன்னியா?"

(வழக்கம் அப்படி. பிணத்தைக் கண்டெடுத்தவன்மேல்தான் முதல் சந்தேகம். அது ஒதுங்கிய கரைக்காரருக்கு அபராதம். அதனால்தான் சபெலின் அவன் கையில் கழியைக் கொடுத்திருக்கிறாள், அடுத்தவர் நிலமான எதிர்க்கரைக்குத் தள்ளிவிட.)

3

சபெலினைக் கொடுமைக்காரியாக எழுத நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

"என் தம்பி ஒரு பிணத்தக் கரையேத்தினான்டா. நல்லதுதான் செஞ்சான். சிறையிலயே அழுகிச் செத்தான். நீயும் போறியா?"

"உசுரு இருந்தா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்து...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

4

ஒரு முடிவு: ஹேமோ இழுக்கிறான், மேபிலி இருமுகிறாள். இது எனக்காக எழுதிக்கொண்டது, அடித்துவிட்டேன். இன்னொன்று: இழுக்கிறான், அவள் விறைத்திருக்கிறாள், அவனைக் கட்டி இழுத்துப்போகிறார்கள். மூன்றாவது: தள்ளுகிறான். எதிர்க்கரை நாணலில் மேபிலி ஒருதரம் முனகுகிறாள்.

மூன்றாவதை எழுதிய தாளை அடுப்பில் போட்டேன். ஆனால் முனகல் காதில் நிற்கிறது.

எனக்குப் பேச்சுதான் கேட்கும், காட்சி தெரியாது. விரல் அசைந்ததா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். ஹேமோ கழியை நீட்டியபடி நிற்கிறான். இதை எழுத எனக்கு ஒரு குளிர்காலம் போயிற்று. நீங்கள் படிக்கச் சில நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் முகம் தண்ணீருக்குள்தான் இருந்தது.