பீங்கானில் கரண்ட்டு

இளமதியின் அம்மா அமிர்தத்துக்கு பியூஸ் கட்டை செய்யும் பீங்கான் கம்பெனியில் வேலை. அதனாலேயே பீங்கானைப் பற்றித் தனக்குத் தெரியாதது விருத்தாசலத்தில் எதுவுமில்லை என்று ஒன்பதாம் வகுப்பு இளமதிக்கு ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

பள்ளிக்கூட லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மவுஸ் எப்போதும் இளமதி கையில்தான்; பக்கத்தில் உட்காரும் தமிழினி வேடிக்கை பார்ப்பதோடு சரி. அன்றைக்கு இணையதளத்தில் மின்சாரப் பாடம். திரையில் பேட்டரி, பல்பு, ஒயர். நடுவில் ஒவ்வொரு பொருளாக இழுத்து வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு விடை சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் சொல்லும் ஜோடியைக் கடலூர் அறிவியல் கண்காட்சிக்கு அனுப்புவதாக வாசுகி டீச்சர் சொல்லியிருந்தார். போனால் கடலைப் பார்க்கலாம் என்று தமிழினி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வந்தது பீங்கான்.

“வெச்சுப் பாத்துடலாம்டி. இதுல கரண்ட்டு போவாதுன்னு நெனைக்கிறேன்” என்றாள் தமிழினி.

“எங்கம்மா செய்யறதே பியூஸ் கட்டை. அதுல கரண்ட்டு போவாமதான் ஊரு பூரா லைட்டு எரியுதா?”

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வருகிறாளே என்ற இளக்காரம் இளமதிக்கு. சோதித்துப் பார்க்காமலே ‘மின்சாரம் பாயும்’ என்பதைத் தட்டினாள். திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது.

“பீங்கான் ஊர்ல இருந்துகிட்டு இதுகூடத் தெரியலியா? யாரு தட்டுனது?” என்றார் டீச்சர். லேபே சிரித்தது.

“தமிழினிதான் டீச்சர்.”

எப்படித்தான் வாயில் வந்ததோ. தமிழினி இளமதியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகச் சொன்ன நந்தகுமார் ஜோடி கடலூருக்குத் தேர்வானது.

சாயங்காலம் வீட்டில் பியூஸ் போனது. அமிர்தம் வெறுங்கையால் கட்டையைப் பிடுங்கி, இரண்டு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே புதுக் கம்பியைச் சுற்றி, திரும்பச் செருகினாள். லைட் எரிந்தது. கரண்ட்டு போவது அந்தக் கம்பியில்தான். பீங்கானில் போயிருந்தால் அம்மாவின் கை என்னவாகியிருக்கும்? பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. இளமதிக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குத் தெரியாமல் போனதுகூடப் பெரிதில்லை. தெரிந்தவள் தலையில் பழியைப் போட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் லேபில் தமிழினி சண்டை போடுவாள், இடம் மாறி உட்காருவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ எப்போதும்போல வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மவுசை இளமதி பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“நீயே புடி. நான் தொட்டா தப்பாப் பூடும்.”

இளமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

“டீச்சர், நேத்து தட்டுனது நான்.”

இந்த முறை லேபில் யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, மவுசைத் தமிழினி பக்கம் தள்ளினாள். தமிழினி அதைத் தொடவில்லை.