மெத்தைக் கடைக்குக் கீழே ஒரு மௌனம்

மெத்தைக் கடைக்கு அடியில் இருந்த நிலவறையில் மூன்று பேர் சைக்கடெலிக் ராக் வாசித்துவந்தார்கள். கேட்பவனின் மனக்கதவைத் திறந்துவிடும் இசை என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். இதுவரை திறந்தது கடைக் கதவுதான். மெத்தை பார்க்க வந்தவர்கள் அதன் வழியாக வெளியே போனார்கள்.

தலைவனை மற்ற இருவரும் ஞானி என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். அவன் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டுவிட்டதால் திரும்ப வாங்க முடியவில்லை. பாட்டு அவனுடையது, கிட்டார் அவனுடையது, நிலவறை மட்டும் அக்கா புருஷனுடையது.

"மச்சான், நான் தூக்கம் விக்கிறவன். நீ எனக்கு அடியிலயே உக்காந்து அதைக் கெடுக்கிற" என்றார் அத்தான். "இந்த மாசத்துக்குள்ள உன் பாட்டு ஒரு தடவை ரேடியோவுல வரட்டும், நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா ஸ்பாஞ்சு ஸ்டாக்கை இறக்கி அந்த ரூமை நிரப்பிடுவேன்."

டிரம்ஸ்காரன் வீட்டில் டிரம்ஸ் என்ற வார்த்தைக்கே இடமில்லை. பேஸ் வாசிப்பவனுக்கு வீடே இல்லை, மாமனார் வீடுதான். ஞானிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு வெளியே அவன் ஒரு ஆளாகவே இருந்ததில்லை.

வானொலி வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒருமுறை பேட்டியே கொடுத்திருந்தான். பேட்டி எடுத்தது டிரம்ஸ்காரன். இப்போது அதே வாசலில் தினமும் காவலாளிக்கு வணக்கம் வைத்து நின்றான். மதிய நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் அம்மா ஒருநாள் இரங்கினார்.

"பதினெட்டு நிமிஷமா? எங்க செய்தியே அவ்வளவு கிடையாதுங்க. நாலு நிமிஷமாக்கிக் கொண்டாங்க, போடறேன்."

வெட்ட உட்கார்ந்தார்கள். டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் போயிற்று. தன் கிட்டார் அலறலை வெட்டும்போது ஞானி கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடுவில் அரை நிமிடம் ஒன்றுமே கேட்காத இடம் ஒன்று இருந்தது.

"இதை எடுத்துட்டா உன் அலறல் கொஞ்சம் தப்பிக்குமேடா" என்றான் பேஸ்காரன்.

"மூடு! மௌனம்தான்டா பாட்டு. மத்ததெல்லாம் அதுக்கு வேலி."

வேலி வெட்டுப்பட்டது. மௌனம் முழுசாக நின்றது.

ஒலிபரப்பன்று கடையில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். வாங்க வந்த ஒரு தம்பதி மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் கணவர் எழுந்து உட்கார்ந்தார். அத்தான் கல்லை விழுங்கியவர்போல் இருந்தார். பிறகு சத்தம் நின்றது.

"என்னடா, கரன்ட் போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"உஷ்! இது பிரபஞ்சம் பிறக்கறதுக்கு முன்னாடி, அக்கா."

ஞானி கண்ணை மூடி, கையை உயர்த்தினான். பிரபஞ்சம் பிறந்தது: மெல்லிய அலைச் சத்தம், அதன்மேல் தாலாட்டுபோல ஒரு புல்லாங்குழல்.

ஒலி நின்றால் நிலையத்தில் ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, இயந்திரம் தானாகவே ஒரு மாற்று இசையைப் போட்டுவிடும். வானொலியில் டீ வாங்கித் தருகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. மௌனத்தையே ஆராய்ந்தவனுக்குத் தெரியவில்லை. புல்லாங்குழல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே போயிருந்த அறிவிப்பாளர் ஓடிவந்து, மூச்சு வாங்க, இதுவரை கேட்டது இன்ன குழுவின் பாடல் என்று சொல்லி முடித்தார்.

படுத்திருந்த மனைவி தூங்கிவிட்டிருந்தார். கணவர் கிசுகிசுப்பாக, "இந்த மெத்தையே போதும்" என்றார்.

அத்தான் ஞானியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், முதல்ல யாரோ பூனை வாலை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் வந்துச்சு பாரு! இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் எங்களைக் கொன்னே?"

ஞானி வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் ஸ்பாஞ்சு. அக்கா முதல்முறையாக அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, அத்தான்" என்றான்.

"கீழ் ரூம் இனி உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை கடையிலயே வாசி, நாலு பேரைக் கூப்பிடறேன். பின்பாதி மட்டும் போதும், என்ன?"

நிலவறையில் மூவரும் அந்த மெட்டை நினைவிலிருந்து பிடிக்கப் பார்த்தார்கள். முதல் வரிக்கு மேல் ஒருவருக்கும் வரவில்லை. புல்லாங்குழலுக்குப் பதில் ஞானி விசிலடித்தான்.

"பால்காரன் மாதிரி இருக்குடா" என்றான் டிரம்ஸ்காரன். "இதுல எனக்கு என்ன வேலை?"

"தூங்கு."

ஞானி அறிவிப்பாளருக்குப் போன் செய்தான். அந்தப் பதிவை வெளியே தரமாட்டார்களாம். சத்தம் நின்றால்தான் அதுவாக வருமாம்.

"அப்ப எங்க பாட்டை இன்னொரு தடவை போடுங்க மேடம், அந்தக் குழலைக் கேட்டுப் பிடிச்சுக்கறோம். கெஞ்சிக் கேக்கறேன்."

"உங்களால எனக்கு மெமோ வந்திருக்கு" என்றார் அவர். பிறகு குரல் இளகியது. "ஆனா ஆரம்பம் நல்லாதான் இருந்துச்சுங்க. நிஜமாவே. அந்த மௌனத்தை மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க, வாராவாரம் போடறேன்."

இருபது வருடமாக ஒருவரும் சொல்லாத வார்த்தை. 

"ஐயோ, வேண்டாம் மேடம்" என்றான். "அப்படிப் போட்டுடாதீங்க. எங்க அத்தான் கேட்டுடுவார்."

மேலே அத்தான் ஞாயிற்றுக்கிழமைக்காக மெத்தைகளை இழுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.