அழைப்புமணிக்கு ஒரு திரை

ஆலோசகர் தன் போனை, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல உள்ளங்கையில் ஏந்தி மேசையைச் சுற்றி வந்தார். மருத்துவமனையின் மேல்மாடிக் கூட்ட அறை. கீழே நோயாளி மணியை அமுக்கினால் நர்ஸின் போனில் ஒலிக்கவேண்டும். இடையில் அதைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் சர்வரில் ஓடுகிறது. அதை நிறுத்துவதும் ஓட்டுவதும் இதுவரை மருத்துவமனையின் கணினிப் பொறியாளரான அவள் வேலை, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி. இனியும் அதுவா, இணையப் பக்கமா, போன் செயலியா என்று முடிவெடுக்கக் கூட்டம். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. செயலிக்கு மரியாதையாக, சர்வருக்குள் நுழைய அவளுக்கு இருந்த அனுமதியைக் காலையிலேயே ரத்து செய்திருந்தார்கள். அவள் மனம் கீழ்வார்டில் இருந்தது. அறுவை முடிந்த அம்மாவை அந்த மணியை நம்பித்தான் தனியே விட்டு வந்திருந்தாள்.

“கறுப்புத் திரையெல்லாம் பாட்டன் காலம்மா,” என்றார் இயக்குநர். தொழில்நுட்பத்தில் அவருக்குத் தெரிந்தது நிறம் மட்டும்தான். அதில் படு கறார்.

“கரெக்ட் சார். பார்த்தாலே பயமா இருக்கு,” என்றார் மேலாளர். ஆமாஞ்சாமி என்ற பட்டம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை.

“பயம் நல்லதுதான் சார். யோசிச்சுத் தட்டுவோம்,” என்றாள் அவள்.

“இதுல யோசிக்கவே வேண்டாம் மேடம். அதான் இதோட அழகே!” ஆலோசகர் விரலை இழுத்தார். ‘சேவை நின்றது’ என்றது திரை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“இது ஒத்திகை சர்வர்தானே? ஒத்திகைன்னா திரையில மேல ஆரஞ்சுப் பட்டை இருக்கணுமே?” என்றாள்.

“கண்ணை உறுத்துச்சும்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்,” என்றார் இயக்குநர்.

“அப்ப இது எது? ஒத்திகையா, நிஜமா?”

ஆலோசகர் போனைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். “ஒத்திகையாத்தான் இருக்கணும்.”

“இருக்கணும்,” என்றார் ஆமாஞ்சாமி.

“முதல்ல திரும்ப ஓட்டுங்க!”

“ஓட்டிட்டா போச்சு.” திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன வழவழப்பு பாருங்க,” என்றார் இயக்குநர்.

அவள் லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கி ஓடினாள். வார்டு அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியாக அதை அவள் கேட்டதில்லை. அம்மாவின் கண்கள் மூடியிருந்தன; கட்டைவிரல் மணிமேல் கிடந்தது. தூக்கமா? “அம்மா,” என்றாள். மணியைப் பிடுங்கி அமுக்கினாள்.

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எதையோ கண்டு அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. விரல் திரையை மேலே தள்ளியது, மறுபடி தள்ளியது.




இவள் மணியிலிருந்து விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே நின்றாள்.