புதன்கிழமைதான் தோது

கிளெம் ஹார்ட்னெட் முப்பத்தோரு வருஷம் மெல்பர்னில் ஒரு டிராம் டிப்போவில் பணிப்பட்டியல் போட்டவர். எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எங்கே இறங்கி யாரிடம் ஒப்படைப்பது, நடுவில் டீ குடிக்க எத்தனை நிமிஷம், எல்லாம் அவர் பென்சிலிலிருந்துதான் வரும். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதன் பிறகு வேறொருவர் அவருக்குப் பட்டியல் போட்டார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி, ஐந்து மணி நேரம் டயாலிசிஸ். அந்தப் பட்டியலில் விடுப்பு கிடையாது.

நான்கு வருஷமாக இதே பாடு. செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தால் மத்தியானம் முழுக்கப் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார். புதன் காலையில்தான் மனுஷனாக எழுந்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்று பேர் போட்ட படம் மாட்டியிருந்தது. தெற்குக் கடலோரத்தில் கரையை விட்டுப் பிரிந்து, தண்ணீருக்குள் தனித்தனியாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். பேர்தான் பன்னிரண்டு, எந்தக் காலத்திலும் அத்தனை நின்றதில்லை. ஊரிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். மெல்பர்னிலேயே பிறந்து வளர்ந்து அறுபத்தாறு வயதான கிளெம் பார்த்ததில்லை. அவர் மனைவி நோலீனும் பார்த்ததில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதாலேயே போகாமல் இருந்துவிட்டார்கள்.

"அதுல ஒண்ணு நின்ன எடத்துலயே பொடிப்பொடியா விழுந்துடுச்சு, தெரியுமா? மிச்சம் இருக்கிறதும் விழுறதுக்குள்ள பாத்துடணும்," என்றார் ஒருநாள்.

"நீ விழுறதுக்குள்ளன்னு சொல்லு," என்றாள் நோலீன். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, "எனக்கும் பாக்கணும் கிளெம்," என்றாள்.

சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றதில் கிளெம் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். நோலீன் கற்றுக்கொள்ளவே இல்லை. அதனால் பழைய கூட்டாளிகளிடம் கேட்டார்கள். ட்ரெவர், ஸ்டாவ் இருவருமே டிராம் ஓட்டியவர்கள், இருபது வருஷமாகக் கிளெம் போட்ட பட்டியலின்படி எழுந்து, தின்று, தூங்கியவர்கள். ட்ரெவரிடம் எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி இருந்தது.

"இதுக்குப் போயி கேக்கணுமாடா? நீ திட்டத்தப் போடு, நான் வண்டிய எடுக்கறேன். ஆனா டீ குடிக்க பதினோரு நிமிஷம்தான்னு எழுதின, அங்கயே எறக்கி விட்டுருவேன்," என்றார் ட்ரெவர். நெஞ்சு குலுங்கச் சிரிக்கும் ஆள் அவர்.

கிளெம் பத்து நாள் உட்கார்ந்து திட்டம் போட்டார். நகரத்திலிருந்து போகிற சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடலோரச் சாலை வழியாக வளைந்து வளைந்து போய், இரண்டு மணிக்கு மேல்தான் பாறைகளிடம் சேரும். அந்த நேரத்தில் அங்கே நிற்க இடமிருக்காது. அதனால் கிளெம் பாதையைத் திருப்பிப் போட்டார். காலை ஆறு பத்துக்குப் பிரஸ்டனில் வீட்டு வாசல். ஆறு நாற்பதுக்குள் பெரிய பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். ஜீலாங் ஊருக்குள் நுழையக் கூடாது. எட்டரைக்குக் கோலாக்கில் நிறுத்தம். அங்கிருந்து உள்நாட்டு வழியே மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் இறங்கி, சரியாகப் பத்து மணிக்குக் கடல். திரும்பும்போது கடலோரச் சாலை, கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்.

அவருடைய உடம்புக்கும் அதில் இடம் வைத்தார். நாள் முழுக்க ஒரு லிட்டருக்கு மேல் எந்தத் திரவமும் ஆகாது. எந்த நிறுத்தத்தில் எத்தனை மடக்கு என்று எழுதினார். வழியில் மூன்று இடத்தில் பதினைந்து நிமிஷம் கால் நீட்டிப் படுக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பாறைகள் தெரியும் மேடைவரை எங்கெங்கே பெஞ்சு இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படம் பார்த்துக் குறித்துவைத்தார். டாக்டரிடம் கேட்டார். புதன்கிழமைதான் தோது என்றார் டாக்டர். இரண்டு பக்கமும் நிறைய எழுதிய ஒற்றைத் தாள்.

முதல் புதன்கிழமை ட்ரெவரின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ நிகழ்ச்சி. இரண்டாவது புதன் ஸ்டாவின் மனைவிக்குப் பல்வலி. மூன்றாவது புதன் மழை. கிளெம் குறை சொல்லவில்லை. நோலீன் மூன்று செவ்வாய்க்கிழமையும் உப்பில்லாத ரொட்டியில் முட்டை வைத்து மடித்து வைத்தாள். மூன்று புதன்கிழமையும் அதையே மத்தியானச் சாப்பாடாக இருவரும் சமையலறையில் உட்கார்ந்து தின்றார்கள்.

அடுத்த வாரம் ட்ரெவர் போன் பண்ணினார்.

"டேய் கிளெம், சனிக்கிழமை போலாமா? பிரிஸ்பன்லேருந்து மாப்ள வந்திருக்கான், அவனும் பாத்த மாதிரி இருக்கும். எல்லாருக்கும் தோது."

"சனிக்கிழமை எனக்கு மெஷின் இருக்கு, ட்ரெவ்."

"ஒரே ஒரு நாள் விட்டா என்னடா? செத்தா போயிருவ?"

"ஆமா."

"சரி விடு, பாத்துக்கலாம்," என்று ட்ரெவர் வைத்துவிட்டார். பாத்துக்கலாம் என்றால் அடுத்த புதன் என்றுதான் கிளெம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வழக்கம்போல ஆஸ்பத்திரி வண்டி வந்து அழைத்துப் போனது. எடை பார்த்தார்கள், இடது கையில் இரண்டு ஊசியும் ஏற்றினார்கள். நர்ஸ் மரிசெல் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் போனாள். மணி பத்து ஐந்துக்குப் போன் சிணுங்கியது. 'டிப்போ கிழடுங்க' என்று பேர் வைத்த குழு. டிப்போவில் ஓய்வு பெற்ற முப்பது பேர் அதில் இருந்தார்கள்.

படம் வந்திருந்தது. நடுவில் ட்ரெவர், அவர் தோளில் கை போட்டபடி மாப்பிள்ளை, பக்கத்தில் மகளும் மனைவியும். ஓரத்தில் ஸ்டாவும் அவர் மனைவியும். பின்னால் கடல். கடலுக்குள் பாறைகள், காலை வெயில் பட்டுத் தேன் நிறத்தில். மேடையில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை.

கீழே ட்ரெவர் எழுதியிருந்தார்: "கிளெம் போட்ட திட்டம்! கரெக்டா பத்து மணிக்கு உள்ள வந்துட்டோம், கூட்டமே இல்ல. கிழவனுக்கு இன்னும் மூளை மழுங்கல. நீ எங்க கூடவே இருக்கிற மாதிரி இருந்துச்சுடா!"

அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சபாஷ் கிளெம். கிளெம்னா கிளெம்தான். எனக்கும் அந்தத் திட்டத்தை அனுப்பு கிளெம்.

கிளெம் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதே இடத்தில் நின்றுதான் எடுத்திருக்கிறார்கள். எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. ரத்தம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கிறவன் எங்கே எழுந்து போவது? இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மெஷின் கத்தியது. மரிசெல் ஓடி வந்தாள்.

"என்ன கிளெம், பிரஷர் இப்படி எகிறுது? என்ன பண்ணீங்க?" போனை எட்டிப் பார்த்தாள். "அட, நம்ம சுவத்துப் படம்! இவங்கெல்லாம் யாரு, உங்க ஃபிரண்ட்ஸா?"

"என்கூட வேலை பாத்தவங்க," என்றார் கிளெம்.

அவள் போன பிறகு, வலது கைக் கட்டைவிரலால் அவரும் ஒரு கட்டைவிரலை அழுத்தி அனுப்பினார். எதற்கு அனுப்பினோம் என்று பிறகு பல நாள் யோசித்தார்.

வீட்டுக்கு வந்து நோலீனிடம் போனை நீட்டினார். அவள் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாள நான்தான் குடுத்தேன்," என்றாள். "வியாழக்கிழமை நீ தூங்கிட்டிருந்தப்ப ட்ரெவர் வந்தான். வழியெல்லாம் ஒரு தடவ பாத்து வச்சுக்கறேன், புதன்கிழமைக்கு ஒதவும்னான். சிரிச்ச மொகமா கேட்டான் கிளெம். நான் என்னத்தக் கண்டேன்?"

கிளெம் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் படுக்கப் போனதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

ஞாயிறு மத்தியானம் ட்ரெவரும் ஸ்டாவும் வந்தார்கள். பாறைகளின் படம் அச்சடித்த பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றும், கோலாக் பேக்கரியில் வாங்கிய, நடுவில் பால்கூழ் வைத்த கேக்கும் கொண்டு வந்தார்கள். கிளெம் தொடக் கூடாத பண்டம் அது.

"பிரமாதம்டா! உன் திட்டம் இல்லேன்னா அந்தக் கூட்டத்துல மாட்டி செத்திருப்போம்," என்றார் ட்ரெவர். "இப்ப எனக்கு வழி அத்துப்படி. வர்ற புதன் உன்னை அப்படியே பல்லக்குல வச்சுத் தூக்கிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போறேன், பாரு."

ஸ்டாவ் கேக் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தாளக் குடு," என்றார் கிளெம்.

ட்ரெவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கிளெம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரித்தார். ஓரத்தில் காப்பிக் கறை. அவர் பதினைந்து நிமிஷம் படுக்க வேண்டிய மூன்று இடமும் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தன. பெஞ்சுகளின் கணக்கு முழுவதுக்கும் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ட்ரெவரின் குண்டு எழுத்து: 'இது வேண்டாம். முக்கால் மணி மிச்சம்.'

"அது வந்து... நாங்க மட்டும் போறதால..." என்றார் ட்ரெவர். முதல் முறையாக அவர் சிரிப்பு நின்றது. "தப்பா எடுத்துக்காத கிளெம். மாப்ள திங்கக்கிழமை கெளம்பறான். வண்டி இருந்துச்சு, வெயில் இருந்துச்சு."

"நானும்தான் இருந்தேன்."

"நீ மெஷின்ல இருந்தடா! உனக்காக ஊரே உக்காந்திருக்க முடியுமா?"

"முடியாதுதான்," என்றார் கிளெம். "அதச் சொல்லிட்டே போயிருக்கலாமே. போன் பண்ணி, 'கிளெம், உனக்காகக் காத்திருந்து அலுத்துப்போச்சு, நாங்க கெளம்பறோம்'னு ஒரு வார்த்த. எம் பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லி வாங்கிட்டுப் போயிருக்க."

ஸ்டாவ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் சொன்னேன் கிளெம். அவன்கிட்ட சொல்லிடலாம்னு சொன்னேன்."

"சொல்லிட்டு வண்டில ஏறிட்ட."

ஸ்டாவ் கேக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். ட்ரெவர் வாசலில் நின்று, "புதன்கிழமை ஆறு பத்துக்கு வருவேன். கோவம் தணிஞ்சிருந்தா ஏறு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடியே வந்தார். புதன் காலை ஆறு எட்டுக்கே வாசலில் வண்டி உறுமியது. கிளெம் விழித்துத்தான் படுத்திருந்தார். போர்வையை விலக்கவில்லை. நோலீன் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை.

"வா கிளெம். முதுகுப் பக்கம் தலகாணியெல்லாம் வச்சிருக்கான். ஜன்னல்ல பாத்தேன்."

"நான் வரல. நீயும் போவேன்னு நெனைக்கல."

"ஏன் போகக் கூடாது?"

"அவன் நம்மள என்ன பண்ணினான்னு பாத்தல்ல?"

"பாத்தேன்." அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாலு வருஷமா நானும்தான் அந்த மெஷின்ல கெடக்கேன். ஊசி உனக்கு மட்டும்தான், அவ்ளோதான் வித்தியாசம். எந்த ஊருக்கும் போகல, எந்தக் கல்யாணத்துலயும் ரெண்டு நாள் தங்கல. ஒரு தடவயாச்சும் கேட்டியா? அந்தத் தாள்ல உனக்கு எத்தன மடக்கு தண்ணின்னு எழுதியிருக்க. என் பேரு எங்கயாவது இருக்கா?"

கிளெம் நினைத்துப் பார்த்தார். இல்லை.

வெளியே ஹாரன் ஒரு தடவை மெல்ல அடித்தது.

"மத்தியானத்துக்குப் பிரிட்ஜில சூப் இருக்கு. அர கப்புக்கு மேல குடிக்காத," என்று சொல்லிவிட்டு நோலீன் போனாள். வண்டிக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. மணி ஆறு பதினான்கு.

அந்த நாள் முழுக்க அவர் கடிகாரத்தோடு இருந்தார். இப்போது பாலம், இப்போது கோலாக். பத்து மணிக்கு ஜன்னலருகே போய் நின்றார். எதிர்வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். கிளெம் சூப்பைச் சூடு பண்ணினார், குடிக்கவில்லை.

ஏழு மணிக்கு நோலீன் வந்தாள். காற்றில் அவள் கன்னம் சிவந்திருந்தது, தலைமுடி கலைந்து உப்புப் பிசுக்காக இருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி தெரிந்தாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். மழுப்பலாக ஏதாவது சொல்வாள், ஒன்றும் பெரிசா இல்லை, வெறும் கல்லுதான் என்று சொல்வாள் என்று கிளெம் எதிர்பார்த்தார். அப்படிச் சொன்னால் மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

நோலீன் அவரை நேராகப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு கிளெம்," என்றாள். "அவ்ளோ நல்லா இருந்துச்சு."

கிளெம் தலையாட்டினார். காலையில் ஆஸ்பத்திரி வண்டி ஆறரைக்கு வரும் என்று சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவை எடுக்க எழுந்து போனார்.