ஒன்பது மடங்கு வேகம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், உலகத்துக் கம்ப்யூட்டர் சர்வர்களில் எது உயர்ந்தது என்ற மாபெரும் வழக்கு அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் தீர்த்துவைக்கப்பட்டது.

தீர்ப்பைக் கையோடு கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்க்காரர் நித்தீஷ். கழுத்தில் டை, கையில் நாற்பது பக்க வழவழப்பு அறிக்கை. முதல் பக்கத்தில் வேகத்தைக் காட்டும் இரண்டு பட்டைகள். அவர் விற்கிற சர்வர் மென்பொருளுக்குத் தென்னை உயரம். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்குத் தக்காளிச் செடி உயரம்.

"ஒன்பது மடங்கு வேகமுங்க. நாங்க சொல்லலீங்க, லேப் சொல்லுதுங்க."

அந்தத் தக்காளிச் செடியைக் கம்பெனியில் நட்டவன் மாதவன். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, நாலு வருடம் செக்கிங் மேசையில் துணி பார்த்து, புத்தகம் வாங்கிப் படித்து சிஸ்டம் ரூமுக்கு ஏறியவன். சர்வர் மாறினால் நித்தீஷின் ஆள் வந்து அங்கே உட்காருவான். மாதவன் மறுபடி மேசைக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் அவன் அசரவில்லை.

"என்ன மாதவா, தென்னையாட்ட நிக்குது?" என்றார் முதலாளி மாரப்பன்.

மாதவன் அறிக்கையைக் கடைசியிலிருந்து புரட்டினான். செக்கிங்கில் பழகிய கை, எதையும் உள்பக்கம் திருப்பித்தான் பார்க்கும்.

"முப்பத்தெட்டாம் பக்கம் பாருங்க முதலாளி, எறும்பு மாதிரி எழுத்து. அவுக சர்வர் ஓடுன மெஷின்ல நாலு பிராசஸர். நம்மது ஓடுனதுல ஒண்ணே ஒண்ணு. மெமரியும் கால்வாசிதான்."

"அது சும்மா அடிக்குறிப்புங்க," என்றார் நித்தீஷ்.

"டெஸ்டுக்குக் காசு கட்டுனது யாருன்னும் அதுக்குக் கீழயே கெடக்கு அண்ணாச்சி. உங்க கம்பெனிதான்."

மாரப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர் என்றால், சுருக்கம் பார்க்க லேபுக்குப் போகிற ஒரு பீஸை மட்டும் முன்கூட்டியே நாலு தண்ணி அலசிச் சுருக்கி அனுப்புவது அவர் கம்பெனியின் நீண்டகால வழக்கம்.

"ஏனுங்க, எங்கிட்டயேவா லேப் ரிப்போர்ட்டு? ஒரே மெஷின்ல ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுங்க. நம்ம பேக்கிங் லிஸ்ட் ஓடட்டும். அனுசுயா, நீ டைம் பாரு கண்ணு."

பேக்கிங் பிரிவின் அனுசுயா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டும் ஓடி முடிந்தன. முந்நூறு பெட்டிக்கான லிஸ்ட், தென்னையில் இருபத்திரண்டு நிமிடம். தக்காளிச் செடியிலும் இருபத்திரண்டு நிமிடம்.

நித்தீஷ் டையைத் தளர்த்திக்கொண்டார். எட்டு மாதமாக லினக்ஸின் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த மாதவன் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான்.

"கேட்டிருந்தா காலைலயே சொல்லியிருப்பேனுங்க," என்றாள் அனுசுயா. "கணக்கு ரெண்டுலயும் கண்ணச் சிமிட்டறதுக்குள்ள வந்துருதுங்க. மிச்ச நேரமெல்லாம் இந்தப் பிரிண்டர் கர்ரு கர்ருன்னு வரி வரியா அடிக்கறதுக்குத்தானுங்க."

மாதவனின் வேலை சிஸ்டம் ரூமிலேயே நிலைத்தது. மறுநாள் மாரப்பன் புது பிரிண்டர் வாங்கினார்.